24 மணி நேர மெகாபாஸ்கல்: ஜிர்கோனியா ஒட்டு ஆய்வுகளை எப்படிப் படிப்பது?

ஜிர்கோனியா மேல ரெசின் சிமெண்டை ஒட்டுவது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கு. ஜிர்கோனியாவில் சின்னச் சின்ன வில்லைகள் செய்வார்கள். நாலைந்து குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவை அப்படியே விடுவார்கள். ஒன்றுக்கு சாண்ட்பிளாஸ்டிங், ஒன்றுக்கு லேசர், ஒன்றுக்கு அமிலம், ஒன்றுக்கு ஏதாவது ஒரு புதுப் பூச்சு. மேலே சிமெண்ட் வெச்சு, 37 டிகிரி தண்ணீர்ல 24 மணி நேரம் ஊறவிட்டு, மெஷின்ல கொடுத்துத் தள்ளி உடைப்பார்கள். எத்தனை மெகாபாஸ்கல்ல உடைஞ்சதுன்னு ஒரு அட்டவணை. எந்த எண் பெருசோ அந்தக் குழு ஜெயிச்சது. கடைசியில் "மேலும் ஆய்வுகள் தேவை" என்று ஒரு வரி. அவ்ளோதான்.

இந்த வகைக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் பிழைப்பு மென்பொருள். பல் மருத்துவம் கிடையாது. ஆனா ஒரு பெஞ்ச்மார்க் அட்டவணையைப் பார்த்தா, இது எதை அளந்துச்சு, எதை அளக்காம விட்டுச்சு, எதோட ஒப்பிட்டுச்சு என்று கேட்பது எங்க தொழில்ல தினசரி வேலை. அதே கேள்விகளை இந்தக் கட்டுரைகள் முன்னாடி வெச்சுப் பார்த்தா என்ன கிடைக்குது என்பதுதான் இந்தக் குறிப்பு.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிடறேன். ஜிர்கோனியா ஒட்டுல முக்கியமான கேள்வி "எவ்வளவு நாள் தாங்கும்?" என்பது. அதற்கு 1998-லயே ஒரு நல்ல பதில் வந்துவிட்டது. அதுக்கப்புறம் வந்த கட்டுரைகளில் பல, "முதல் நாள் எவ்வளவு பலம்?" என்ற சுலபமான கேள்விக்குத் திரும்பிப் போய், அதற்கான பதிலை முதல் கேள்விக்கான பதில் மாதிரி எழுதுகின்றன.

இது ஏன் ஒட்ட மாட்டேங்குது?

விமர்சனத்துக்கு முன்னாடி விஷயத்தைப் பார்த்துடுவோம். பல்லுக்குக் கேப் போடப் பயன்படும் பழைய பீங்கான்களிலும், லித்தியம் டைசிலிகேட்டிலும் கண்ணாடிப் பகுதி உண்டு, அதாவது சிலிக்கா. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை உள்பக்கம் தடவினால் கண்ணாடி கரைந்து, கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். பிறகு சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள். அதன் ஒரு முனை சிலிக்காவைப் பிடிக்கும், மறுமுனை ரெசினைப் பிடிக்கும். குழியில் ரெசின் ஊறி இறுகும், சிலேன் கை கோத்துக்கும். இந்த ஜோடி பல வருடமாக நன்றாக வேலை செய்யும் செய்முறை.

ஜிர்கோனியாவில் கண்ணாடி என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. நெருக்கமாகச் சேர்ந்த படிகத் துகள்கள் மட்டுமே. கிளினிக்கில் ஒன்றிரண்டு நிமிஷம் தடவுகிற அமிலம் அதை ஒன்றும் செய்யாது. சிலேன் பிடிக்கவும் அங்கே சிலிக்கா இல்லை. பழைய செய்முறையின் இரண்டு படிகளும் ஒரே நேரத்தில் செத்துப்போயின.

வேடிக்கை என்னன்னா, இந்தப் பொருளின் மூலத்தில் சிலிக்கா தாராளமாக இருக்கு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட்டோட சிர்க்கானும் கிடைக்கும், ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. சிர்க்கான் என்பது ஜிர்கோனியம் சிலிகேட். 1789-ல் பெர்லினில் க்ளாப்ரோத் இந்தத் தனிமத்தின் ஆக்சைடைக் கண்டுபிடித்ததே இலங்கையிலிருந்து போன சிர்க்கான் கல்லில்தான். அந்தச் சிலிக்காவை நீக்கினால்தான் ஜிர்கோனியா கிடைக்கும். அப்படிக் கஷ்டப்பட்டு நீக்கியதை, ஒட்ட மாட்டேங்குதே என்று பல் மருத்துவ உலகம் மறுபடி மேலே பூசிக்கிட்டு இருக்கு. ரோக்காடெக், கோஜெட் என்ற முறைகள் இதைத்தான் செய்கின்றன: சிலிக்கா போர்த்திய அலுமினாத் துகள்களை வேகமாகப் பீய்ச்சி, மோதுகிற இடத்தில் சிலிக்காவை ஒட்டவைத்து, அதன் மேல் சிலேன் தடவுவது.

அப்புறம் எதுக்கு இந்தப் பொருளோட இவ்வளவு போராட்டம்? அதன் பலம்தான் காரணம். 1975-ல் கார்வி, ஹேனிங்க், பாஸ்கோ மூவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே இதைப் பீங்கான் எஃகு என்று சொல்லலாமா என்று கேட்டது. இட்ரியா கொஞ்சம் சேர்த்தால், ஜிர்கோனியாத் துகள்கள் டெட்ராகோனல் என்ற அமைப்பிலேயே அறை வெப்பத்திலும் நிற்கும். ஒரு வெடிப்பு நுழைய முயன்றால், வெடிப்பின் முனையில் உள்ள துகள்கள் மோனோகிளினிக் அமைப்புக்கு மாறி, கிட்டத்தட்ட 4 சதவீதம் வீங்கும். அந்த வீக்கமே வெடிப்பை நெருக்கி அதன் வழியை அடைக்கும். அதனால்தான் 3 மோல் சதவீத இட்ரியா கலந்த ஜிர்கோனியா வளைவுச் சோதனையில் 1000 மெகாபாஸ்கலைத் தொடுகிறது. கடினமான பொருள்தான், ஆனா உள்பக்கம் வழவழன்னு இருக்கு. சிக்கல் முழுக்க அந்த உள்பக்கத்தில்தான்.

1998-ல் கிடைத்த பதில்

ஜெர்மனியின் கெர்ன், வெக்னர் இருவரும் 1998-ல் டென்டல் மெட்டீரியல்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் ஒரே ஒரு கட்டுரை படிக்க நேரம் இருக்கு என்றால் நான் அதைத்தான் கொடுப்பேன். காரணம், அதன் முடிவை விட அதன் அமைப்பு.

பல வழிகளை வரிசையாக வெச்சுப் பார்த்தார்கள். சாண்ட்பிளாஸ்டிங் மட்டும், அதோட சிலேன், சிலிக்கா பூச்சு, வழக்கமான பிஸ்-ஜி.எம்.ஏ. ரெசின், எம்.டி.பி. என்ற பாஸ்பேட் மூலக்கூறு கலந்த ரெசின். ஒவ்வொன்றிலும் பாதியை 3 நாள் தண்ணீரில் வெச்சு இழுத்தார்கள். மீதியை 150 நாள் வெச்சு, நடுவில் 37,500 தடவை குளிர்-சூடு மாற்றி, அதுக்கப்புறம் இழுத்தார்கள்.

3-வது நாள் அட்டவணையை மட்டும் பார்த்தால் நிறைய வழிகள் பரவாயில்லை என்று தோன்றும். 150-வது நாள் கதையே வேற. சாண்ட்பிளாஸ்ட் செய்து வழக்கமான ரெசினால் ஒட்டியவை, சிலேன் சேர்த்திருந்தாலும்கூட, தானாகவே கழன்று விழுந்தன, இழுக்கவே தேவைப்படவில்லை. நிலைத்து நின்றது சாண்ட்பிளாஸ்ட் செய்த பரப்பில் எம்.டி.பி. கலந்த ரெசின் மட்டுமே. 2000-ல் அவர்களே இரண்டு வருடம் தண்ணீரில் வைத்த முடிவுகளையும் வெளியிட்டார்கள். வரிசை மாறவில்லை.

எம்.டி.பி.யின் வேலை சுலபமாகப் புரியும். பத்து கார்பன் நீளமுள்ள ஒரு சங்கிலி. ஒரு முனையில் பாஸ்பேட். அது ஜிர்கோனியாவின் ஆக்சைடு பரப்பைப் பிடிக்கும். மறுமுனையில் மெத்தாக்ரிலேட், அது ரெசினோட சேர்ந்து இறுகும். ஜப்பானின் குராரே நிறுவனம் உருவாக்கியது. பனாவியா என்ற பெயரில் 1980-களிலேயே சந்தைக்கு வந்துவிட்டது, ஜிர்கோனியா கேப்கள் பரவலாவதற்கு ரொம்ப முன்னாடி.

2009-ல் கெர்ன், பார்லோய், யாங் மூவரும் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். சாண்ட்பிளாஸ்டிங் காற்றழுத்தத்தை 2.5 பாரிலிருந்து 0.5 பார் வரை குறைத்துப் பார்த்தார்கள். பீய்ச்சவே பீய்ச்சாமலும் பார்த்தார்கள். நீண்ட நாள் கணக்கில், பீய்ச்சுவதும் ப்ரைமரும் சேர்ந்தால்தான் ஒட்டு தேறியது. அதற்கு வெறித்தனமான அழுத்தம் தேவையில்லை என்பதும் தெரிந்தது. 2014-ல் இனோகோஷியும் வான் மீர்பீக் குழுவினரும் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே திசைதான்: சொரசொரப்பும் வேதிப்பிடிப்பும் ரெண்டும் சேர்ந்து வேணும்.

எங்க நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றுப் பக்கம் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவர்களுக்கு இது ஒரு பெரிய செய்தியாகத் தெரியாது. பழைய பரப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தூசி தட்டி, ஈரம் இல்லாம காயவிட்டு, அப்புறம்தான் ரெசின். ஒட்டு நல்லா இருக்கா என்று மறுநாள் காலையில் யாரும் தீர்ப்புச் சொல்வதும் இல்லை. தண்ணீரில் கிடந்து வரட்டும் என்பார்கள்.

நேரம் எங்கே போச்சு?

இனி விமர்சனம். முதல் குற்றச்சாட்டு நேரத்தைப் பற்றியது.

வாய் என்பது எப்பவும் ஈரம். காபி, ஐஸ்கிரீம் என்று வெப்பம் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கிற இடம். ஒட்டைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். இடுக்கு வழியாக உள்ளே போய், ரெசினை ஊறவெச்சு, வேதிப்பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். 24 மணி நேரத்தில் அந்த வேலை ஆரம்பித்திருக்கவே ஆரம்பித்திருக்காது. ஆக 24 மணி நேரச் சோதனையில் அளக்கப்படுவது பெரும்பாலும் சொரசொரப்பில் ரெசின் மாட்டிக்கிட்டிருக்கும் பிடிப்பு. எந்த வழியில் சொரசொரப்பாக்கினாலும் அந்த எண் ஏறும். லேசர் ஜெயிக்கும், அமிலம் ஜெயிக்கும், புதுப் பூச்சு ஜெயிக்கும். எல்லாரும் ஜெயிக்கிற பந்தயத்தில் ஓடி என்ன பிரயோஜனம்?

சரி, குளிர்-சூடு சுழற்சி செய்யும் கட்டுரைகளும் நிறைய இருக்கே என்றால், எத்தனை சுழற்சி என்று பாருங்க. 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் நடுவில் 500 சுழற்சி என்பது அடிக்கடி கண்ணில் படும் எண். கேல், டார்வெல் இருவரும் 1999-ல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார்கள்: வாயில் ஒரு வருடம் என்பது சுமார் 10,000 சுழற்சிக்குச் சமம் என்று வெச்சுக்கலாம். அந்தக் கணக்குப்படி 500 சுழற்சி என்றால் 18 நாள். 5,000 என்றால் ஆறு மாசம். கெர்னும் வெக்னரும் செய்த 37,500 என்றால் மூணே முக்கால் வருடம். 18 நாள் பயன்பாட்டுக்குச் சமமான சோதனையை முடித்துவிட்டு, நீடித்து உழைக்கும் ஒட்டு என்று முடிவுரையில் எழுதுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

24 மணி நேரச் சோதனைக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. அது ஒரு வடிகட்டி. முதல் நாளே தோற்றதை அங்கேயே விட்டுடலாம். ஆனா வடிகட்டியில் தேறினதாலேயே ஒரு முறையை கிளினிக்குக்குச் சிபாரிசு செய்யக் கூடாது.

யாரோட ஓட்டப்பந்தயம்?

இரண்டாவது, ஒப்பீட்டுக் குழு. பல கட்டுரைகளில் புது முறையை எதோட ஒப்பிடுகிறார்கள் என்றால், எதுவுமே செய்யாத வழவழப்பான ஜிர்கோனியாவோட. அதைத் தோற்கடிப்பது செய்தியே இல்லை. கைக்குக் கிடைத்த எதை வெச்சுத் தேய்ச்சாலும் அதைத் தோற்கடிக்கலாம். எங்க பாஷையில் சொன்னா, ஆப்டிமைசேஷனை அணைச்சு வெச்ச பழைய பில்டோட போட்டி போட்டு, என் கோட் மூணு மடங்கு வேகம் என்று சொல்வது மாதிரி.

25 வருடத்துக்கு மேல் நிற்கும் ஒரு தரமுறை கையில் இருக்கு: 50 மைக்ரான் அலுமினா, மிதமான அழுத்தம், எம்.டி.பி. ப்ரைமர் அல்லது எம்.டி.பி. கலந்த சிமெண்ட். புதுசாக எது வந்தாலும் இதோட, இதே அளவு நாள் தண்ணீரில் கிடந்த பிறகு, மோதிக் காட்டட்டும். அந்தப் பத்தி அட்டவணையில் இல்லாவிட்டால் மற்ற பத்திகளை நான் ஆர்வத்துக்கு மட்டும் படிப்பேன்.

அளவுகோலே வளைஞ்சிருந்தா?

மூன்றாவது, அந்த மெகாபாஸ்கல் எங்கிருந்து வருது? உடைத்த விசையை ஒட்டுப் பரப்பால் வகுத்தால் வருது. இந்த வகுத்தலுக்குள் ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு: விசை பரப்பு முழுக்கச் சமமாகப் பரவியது என்று. அப்படிப் பரவுவதில்லை. பிளேடு வெச்சுப் பக்கவாட்டில் தள்ளும்போது, பிளேடு தொடுகிற ஓரத்தில் அழுத்தம் குவியும். வெடிப்பு அங்கேதான் பிறக்கும், சில சமயம் ஒட்டை விட்டுவிட்டு அடியிலுள்ள பொருளுக்குள்ளேயே பாயும். வான் நூர்ட் குழுவினர் 1989-லயே இதைக் கணினிக் கணக்கீட்டோட எழுதினார்கள். 1995-ல் டெல்லா போனாவும் வான் நூர்ட்டும் பீங்கான் ஒட்டுக்கே அதைக் காட்டினார்கள். பொருள் உடைந்தது, அதனால் ஒட்டு பொருளை விடப் பலமானது என்று சில கட்டுரைகள் பெருமைப்படும் இடத்தில், உண்மையில் பேசுவது சோதனையின் கோணலாகவும் இருக்கலாம்.

பிளேடா கம்பி வளையமா, ஒட்டுப் பரப்பு எத்தனை மில்லிமீட்டர், தள்ளும் வேகம் என்ன, இப்படி எதை மாத்தினாலும் எண் மாறும். பரப்பு சின்னதாக ஆக ஆக, குறை இருப்பதற்கான வாய்ப்பு குறைந்து எண் ஏறும். அதனால் ஒரு ஆய்வகத்தின் 18-ஐயும் இன்னொரு ஆய்வகத்தின் 30-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட முடியாது. ஒரே கட்டுரைக்குள் குழுக்களை ஒப்பிடலாம், அவ்வளவுதான். இருந்தும், இத்தனை மெகாபாஸ்கல் இருந்தால் கிளினிக்குக்குப் போதும் என்று ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு, எங்கள் முறை அதைத் தாண்டிவிட்டது என்று எழுதுவது நிற்கவில்லை.

சராசரியும் பூஜ்யமும்

நான்காவது குற்றச்சாட்டுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது, ஏன்னா இது டேட்டாவைக் கையாளும் விதத்தைப் பற்றியது.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். ஒரு குழுவில் 10 வில்லைகள். தண்ணீரில் கிடக்கும்போதே 4 கழன்று விழுந்துடுச்சு. மிச்சம் 6-ன் சராசரி 15 மெகாபாஸ்கல். விழுந்த நாலையும் சோதிக்க முடியவில்லை என்று ஒதுக்கினால், கட்டுரையில் 15 என்று வரும். விழுந்தது என்றால் பூஜ்யம்தானே என்று சேர்த்தால் 9 என்று வரும். முறை ஒன்று, வில்லைகள் அதே வில்லைகள், ஆனா ஒரு கட்டுரையில் வெற்றி, இன்னொன்றில் தோல்வி. காலி இடத்தை எப்படி நிரப்பினோம் என்பது எங்க வேலையில் முதல் கேள்வி. இங்கே அது பல நேரம் செய்முறைப் பகுதியில் அரை வரி, சில நேரம் அதுவும் இல்லை.

அதோட, சராசரி யாருக்கு வேணும்? பீங்கான், ரெசின் மாதிரியான பொருள்கள் தங்களோட மோசமான குறை இருக்கும் இடத்தில் உடையும். நோயாளி வாயில் இருப்பது சராசரி கேப் கிடையாது. ஒரே ஒரு கேப். சர்வர் நடத்துகிறவர்கள் சராசரி வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. நூற்றில் மிக மெதுவான அந்த ஒரு கோரிக்கை எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்ப்பார்கள், ஏன்னா புகார் அங்கிருந்துதான் வரும். இதற்குச் சமமான கருவி இந்தத் துறையிலும் இருக்கு: வைபுல் பகுப்பாய்வு. எந்த விசையில் 5 சதவீதம் உடையும் என்று அது சொல்லும். நல்ல கட்டுரைகள் அதைச் செய்கின்றன. மற்றவை சராசரி, திட்ட விலக்கம், ஒரு பி-மதிப்பு என்று முடித்துக்கொள்கின்றன.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரே ஜிர்கோனியாக் கட்டையில் ஒட்டி, அதைப் பல மெல்லிய குச்சிகளாக அறுத்து, ஒவ்வொரு குச்சியையும் தனித்தனி மாதிரியாக எண்ணுவது. நாலு கட்டையிலிருந்து நாற்பது குச்சி வந்தா, அது நாற்பது சோதனை ஆகிடாது. ஒரே கட்டையில் பிறந்த குச்சிகளுக்கு ஒரே ஜாதகம்.

மணல் பீய்ச்சுவதற்கும் விலை உண்டு

இதுவரை சாண்ட்பிளாஸ்டிங்கைப் புகழ்ந்தே வந்திருக்கேன். மறுபக்கத்தையும் சொல்லணும், ஏன்னா புது முறைகளைத் தேடுகிறவர்களின் உண்மையான நியாயம் இங்கேதான் இருக்கு.

1999-ல் ஸ்லோவேனியாவின் கோஸ்மாச் குழு, சாண்ட்பிளாஸ்ட் செய்தால் ஜிர்கோனியாவின் வளைவுப் பலம் கூடுவதாகக் காட்டியது. 2004-ல் ஜாங், லான் உள்ளிட்டோர், சாண்ட்பிளாஸ்டிங் நீண்ட நாள் உழைப்பைப் பாதிப்பதாகக் காட்டினார்கள். ஒன்றுக்கொன்று முரணா? இல்லை. ரெண்டும் வேறு வேறு கேள்வி. துகள்கள் மோதும்போது பரப்பில் சில படிகங்கள் மாறி வீங்கி, ஒரு அழுத்தப் படலம் உருவாகும். ஒரே தடவை வளைத்து உடைத்தால் அந்தப் படலம் காப்பாற்றும். அதே மோதலில் நுண்ணிய வெடிப்புகளும் விழும். லட்சக்கணக்கான தடவை மெல்லும்போது அவை மெதுவாக வளரும். மறுபடியும் அதே பாடம்: ஒரு தடவைச் சோதனை ஒரு பதில் தரும், காலம் வேற பதில் தரும்.

இப்போ சந்தையில் பரவும், ஒளி ஊடுருவும் அழகான ஜிர்கோனியாவில் இட்ரியா 5 மோல் சதவீதம் அளவுக்கு இருக்கும். க்யூபிக் படிகங்கள் அதிகம். அவை அமைப்பு மாறி வீங்காது. ஆக வெடிப்பு விழும், அதை நெருக்கும் படலம் அவ்வளவாக வராது. அடிப்படைப் பலமும் குறைவு. பழைய 3 மோல் பொருளுக்குப் பழகிய அழுத்தத்தை இதன் மேல் அப்படியே பீய்ச்சுவது யோசிக்க வேண்டிய விஷயம். எனவே பரப்பைக் காயப்படுத்தாத மாற்று வழி தேடுவது வீண்வேலை இல்லை. ஆனா அந்தத் தேடல் நேர்மையாக நடக்கணும் என்றால், ஒட்டின் ஆயுளையும் பீங்கானின் களைப்பையும் ஒரே கட்டுரையில் சேர்த்து அளக்கணும். சூடான அமிலத்தில் ஊறவைக்கும் முறைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு: ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் உள்ளே இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆய்வகத்தில் 5 மெகாபாஸ்கல் கூடுதலாகக் கிடைத்ததற்காக அதைச் சின்ன பல் லேப்களுக்குள் கொண்டுவரலாமா என்ற கேள்வியை முடிவுரை கேட்கணும்.

வாய்க்குள் இது எங்கே முக்கியம்?

எல்லாக் கேப்புக்கும் இந்த ஒட்டு உயிர்நாடி கிடையாது. பல்லை நன்றாகச் செதுக்கி, போதிய உயரமும் குறைந்த சரிவும் இருந்தால், கேப் பெரும்பாலும் வடிவத்தாலேயே நிற்கும். சாதாரண கிளாஸ் அயனோமர் சிமெண்டே போதும். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்ட பலரின் நிலை இதுதான்.

குட்டையான பல், அதிகச் சரிவு, மெல்லிய வெனீர், பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒரு சின்ன இறகை மட்டும் ஒட்டித் தொங்கவிடும் பிரிட்ஜ் இவற்றில் ஒட்டு போனால் எல்லாம் போச்சு. அந்தத் தொங்கும் பிரிட்ஜ்தான் ஜிர்கோனியா ஒட்டுக்கு உண்மையான பரீட்சை. கெர்ன் குழு 2017-ல் 108 பிரிட்ஜ்களின் கணக்கை வெளியிட்டது: பத்து வருடத்தில் நிலைத்தவை 98.2 சதவீதம். கழன்றவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்ப ஒட்டிவிட்டார்கள். செய்முறை அதே பழைய சாண்ட்பிளாஸ்டிங்கும் பாஸ்பேட் வகைப் பிடிப்பும்தான். இந்த ஒரு சதவீதத்துக்கு முன்னால் 24 மணி நேர மெகாபாஸ்கல்கள் எத்தனை வந்தாலும் எனக்கு எடை குறைவாகவே தெரியுது.

ஆய்வகம் மறக்கும் இன்னொரு படியும் இங்கே இருக்கு. லேபில் சுத்தமாக சாண்ட்பிளாஸ்ட் செய்து அனுப்பிய கேப்பை, வாயில் ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள். எச்சில் பட்டுடும். எச்சிலில் பாஸ்பேட் உண்டு, எம்.டி.பி. உட்கார வேண்டிய நாற்காலியில் அது முதலில் உட்கார்ந்துடும். சரி, பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவிடலாம் என்று கை போவது இயல்பு, எனாமலுக்கு அதுதானே பழக்கம். ஆனா அதுவும் பாஸ்பேட்தான். அழுக்கை எடுத்துவிட்டு நாற்காலியை அதுவே பிடிச்சுக்கும். போட்டுப் பார்த்த பிறகு மறுபடி லேசாகப் பீய்ச்சுவது, அல்லது ஜிர்கோனியாத் துகள் கலந்த காரத்தன்மையுள்ள தனிச் சுத்திகரிப்புக் கூழால் துடைப்பது, இவைதான் சொல்லப்படும் வழிகள். கிளினிக்கில் ஒட்டு தோற்பதற்கு லேசரா பிளாஸ்மாவா என்பதை விட இந்த ஐந்து நிமிஷம் பெரிய காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

தண்ணீர்த் தொட்டிக்குச் சம்பளம் கிடையாது

நம்ம ஊரில் இந்த ஆய்வுகள் பல எம்.டி.எஸ். படிப்பின் ஆய்வேடாகப் பிறக்கின்றன. மூணு வருடப் படிப்பு. தலைப்பு முடிவாகி, அனுமதி வாங்கி, பொருள் வாங்கி, மெஷின் இருக்கும் பொறியியல் கல்லூரியில் நேரம் கேட்டு, நடுவில் நோயாளிகளையும் பார்த்து, தேர்வுக்கு முன்னாடியே சமர்ப்பிக்கணும். 24 மணி நேரச் சோதனையை மாணவர்கள் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

ஆனா கல்லூரி என்பது மூணு வருடத்தில் முடியும் விஷயம் இல்லையே. ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் வருகிறார்கள். இந்த வருட மாணவர் இரண்டு மடங்கு வில்லைகள் செய்யட்டும். பாதியைத் தன் ஆய்வேட்டுக்கு உடைக்கட்டும். மீதியைப் பெயர் ஒட்டி, 37 டிகிரித் தொட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும். இரண்டு வருடம் கழித்து வரும் மாணவர் அதை உடைத்து, தன் ஆய்வேட்டில் எழுதட்டும். தொட்டிக்குச் சம்பளம் கிடையாது, தேர்வு கிடையாது. கரண்ட்டும், தண்ணீர் மாற்ற ஒரு ஆளும் போதும். பத்து வருடம் இப்படி நடந்தால், எந்தப் பெரிய நிறுவனத்திடமும் கேட்கத் தேவையில்லாத ஒரு நீண்ட காலக் கணக்கு நம்மிடமே இருக்கும். இதற்குப் புதுக் கருவி வேண்டாம்; தொட்டியில் கிடப்பது யார் பெயரில் என்ற சண்டையைத் தீர்த்தால் போதும்.

படிக்கும்போது கேட்க வேண்டியவை

இந்த வகைக் கட்டுரை கையில் கிடைச்சா, சுருக்கத்தைப் படிக்கும் முன்னாடி நான் தேடுவது இவை:

1. எத்தனை நாள் தண்ணீரில் இருந்தது? எத்தனை சுழற்சி?
2. சாண்ட்பிளாஸ்டிங்கும் எம்.டி.பி.யும் சேர்ந்த குழு ஒப்பீட்டில் இருக்கா?
3. சோதனைக்கு முன்பே விழுந்தவற்றை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள்?
4. உடைந்த இடம் எது: ஜிர்கோனியா ஓரமா, சிமெண்டுக்குள்ளா?
5. 3 மோலா, 5 மோலா? பீய்ச்சிய துகள் அளவு, அழுத்தம், தூரம் எழுதியிருக்கா?
6. பீங்கானுக்கு என்ன ஆச்சு என்று யாராவது பார்த்தார்களா?

ஆறில் நாலுக்குப் பதில் இருந்தால் உட்கார்ந்து படிக்கலாம். முதல் ரெண்டுக்கும் பதில் இல்லை என்றால் அட்டவணையைத் தாண்டிப் போயிடலாம்.

நாலாவது கேள்வியை ஆய்வகம் இல்லாமலேயே யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வீட்டில் யாருக்காவது ஜிர்கோனியா கேப் கழன்று கையில் வந்தால், ஃபெவிக்விக்கைத் தேடாதீங்க. கழுவும் முன்னாடி உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்க. சிமெண்ட் முழுக்கப் பல் மேலேயே தங்கி, கேப்பின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தால், கைவிட்டது ஜிர்கோனியா பக்கம். சிமெண்ட் கேப்புக்குள் இருந்தால், கைவிட்டது பல் பக்கம். ஒரு போட்டோ எடுத்து, டாக்டரிடம் காட்டி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்க. போட்ட தேதியும் கழன்ற தேதியும் அதில் ஏற்கெனவே இருக்கும். வாய்க்குள் இத்தனை வருடம் ஓடி முடிந்த சோதனையின் முடிவு அது. எழுதி வைக்காவிட்டால் கழுவும்போதே போயிடும்.